ஜானவாசத்துக்கு வந்த ரேஸ் கார்

சோழவரம் பந்தயத்தில் எண்பது மைல் வேகத்தில் போனபோது நான் பயந்ததில்லை. கண்ணில் காற்று அறைய, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியவந்தது திருநீர்மலையில்தான். அன்று அதே காரை ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பின்னால், ஆட்கள் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன்.

கார் என்றதும் ஷோரூமில் நிற்கிற வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய ஃபோர்டு ரோட்ஸ்டர் அது. கூரை கிடையாது. உடம்பு மட்டும்தான் அசல். உள்ளே இருந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, யுத்தகாலத்து லாரி ஒன்றின் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வைத்தோம். வைத்தது நானும் எட்மண்டும். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். எட்மண்ட் லேத் பிடிக்கிறவன், என் பால்ய சிநேகிதன். மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கறுப்பு எண்ணெயில் இறங்கிவிடுவோம்.

வேகம் வேண்டுமென்றால் எடையைக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் சித்தாந்தம். பானெட் வேண்டாம், கழற்று. மட்கார்டு, பம்பர் வேண்டாம். சைலன்சர் சத்தத்தை மட்டுமா அடக்குகிறது, சக்தியையும் அடக்குகிறது, அதுவும் வேண்டாம். பந்தயத்தில் யார் ஹேண்ட் பிரேக் போடப்போகிறார்கள், கழற்று. ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றுகிற ஃபேன் கொஞ்சம் குதிரைச் சக்தியைத் தின்கிறது. எண்பது மைலில் அடிக்கிற காற்றே போதும், அதையும் கழற்று. கிளட்சுக்கு மட்டும் லாரியின் முரட்டு ஸ்பிரிங்குகளை மாட்டினோம். அதை மிதிக்க யானைக்கால் வேண்டும். என் மனைவி ரத்தினபாய் ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்று பார்த்தாள். "எல்லாத்தையும் கழட்டிட்டீங்க. சீட்டையும் கழட்டிட்டு நடந்தே போயிடுங்களேன், இன்னும் எடை குறையும்" என்றாள்.

கழற்றியதெல்லாம் பழைய இரும்புக்காரனோடு போயிற்று. அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அறுபத்தெட்டில், ஒரு ஆவணி மாதத்து மத்தியானம், எதிர்வீட்டு லக்ஷ்மிநாராயணன் மேல்துண்டு நழுவுவது தெரியாமல் கொட்டகைக்குள் ஓடிவந்தார். தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம், நிதானமான மனிதர். மறுநாள் காலை திருநீர்மலையில் அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம்.

"சுந்தர்சிங், நீங்கதான் மானத்தைக் காப்பாத்தணும். மாம்பலத்துலேர்ந்து ஓப்பன் கார் சொல்லியிருந்தேன். பல்லாவரத்துல ஆக்ஸில் முறிஞ்சு கெடக்காம். சாயங்காலம் ஜானவாசம்."

ஜானவாசம் எனக்குத் தெரியும். தாம்பரத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, திறந்த காரில் உட்காரவைத்து, கோயிலிலிருந்து சத்திரத்துக்கு ஊர்வலமாக அழைத்துப் போவார்கள். முன்னால் நாதஸ்வரம், தவில், தலையில் கேஸ்லைட் சுமக்கும் பெண்கள். மாப்பிள்ளையைச் சுற்றி உறவுக் குழந்தைகள் அத்தனையும் காரில் ஏறிக்கொள்ளும். கார் ஏற்பாடு செய்யவேண்டியது பெண் வீட்டார்.

"இது மெதுவாப் போற கார் இல்லை சார்" என்றேன்.

"சம்பந்தி தோத்தாத்ரி ஒரு மாதிரி. காபியில சூடு கம்மின்னு காலம்பறவே முகத்தைத் தூக்கி வெச்சுண்டார். காரே இல்லேன்னா பிள்ளையை அழைச்சுண்டு ரயிலேறிடுவார்." "ஓட்டறது நீங்கதானே? சோழவரத்துலயே ஓட்டறவர். உங்களுக்கு என்ன பயம்?"

அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எத்தனை சாயங்காலங்கள் அவர் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அவர் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, சோழவர வளைவுகளை நான் எப்படி எடுத்தேன் என்று அளந்திருக்கிறேன். நடக்கிற வேகம் எனக்குப் பயம் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

எட்மண்ட் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே போட்டான். "மச்சான், ஃபேன் இல்லாம எப்பிடிடா? ரேடியேட்டர் கொதிச்சுப் பூடும். அந்த கிளட்ச்ச வெச்சிக்கினு ஊர்வலமா?"

"நீ பக்கெட்டுல தண்ணி எடுத்துக்கினு கூடவே நட. கொதிச்சா ஊத்திக்கலாம்."

அவன் பக்கெட்டைத் தேடி எடுத்தான். பிறகு பக்கெட்டோடு ஒரு கோணிச் சாக்கையும் நனைத்து எடுத்துக்கொண்டான். சோழவரத்தில் ஒரு தடவை கார்புரேட்டர் தீப்பிடித்தபோது அப்படியொரு ஈரச் சாக்கைப் போட்டுத்தான் அணைத்தோம்.

மலையடிவாரக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் கூட்டம் மொய்த்துக்கொண்டது. தோத்தாத்ரி உயரமான மனிதர், பன்னிரண்டு திருமண் இட்டு, மயில்கண் வேஷ்டி கட்டியிருந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"மூடியைக் காணோமே?"

"இது அப்படித்தான் சார்."

"உம்ம பேர்?"

"சுந்தர்சிங்."

"சர்தார்ஜியா? தலைப்பாகை எங்கே?"

"இல்லை சார், தாம்பரம்" என்றேன். கிறிஸ்தவ வீடுகளில் வைக்கிற பெயர்தான், ஆனால் கேட்டவர்கள் பாதிப்பேர் இதைத்தான் கேட்பார்கள். அவர் உம் கொட்டிவிட்டு, பளபளவென்று துடைத்து வைத்திருந்த எஞ்சினைக் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. லக்ஷ்மிநாராயணன் அப்போதுதான் மூச்சு விட்டார்.

மாப்பிள்ளை ஒல்லியான பையன். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் ரோஜா மாலை. அவனைக் காரின் பின்பக்க மேட்டில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள். அவனுக்கு இரண்டு பக்கமும் குழந்தைகள். எனக்குப் பக்கத்து சீட்டில் மூன்று. அதில் ஒரு சின்னப் பெண், பட்டுப்பாவாடையை விரித்துக்கொண்டு கியர் கம்பியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தன் கையிலிருந்த மஞ்சள் பூசிய தேங்காயை அவளிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கோ" என்றான். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

காருக்கு முன்னால், என் சக்கரத்துக்கு நேராக, தலையில் சும்மாடு வைத்துக் கேஸ்லைட்டைத் தூக்கிக்கொண்டவள் எல்லம்மா. எனக்குத் தெரிந்தவள். எங்கள் கொட்டகை கட்டும்போது மண் சுமந்தாள். முகூர்த்த நாட்களில் லைட் சுமப்பாள்.

"இன்னா சார், உன் வண்டியா இது?" என்றாள். "பாத்து ஓட்டு சார். லைட்டு தலையில கீது, என்னால திரும்பிப் பாக்க முடியாது."

"பயப்படாதே எல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டு, பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொண்டேன்.

நாதஸ்வரம் தொடங்கியது. நான் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். கார் துள்ளியது. குழந்தைகள் கூச்சலிட்டுச் சிரித்தன. உடனே கிளட்சை மிதித்தேன். நான்கடி போயிற்று, நின்றது. மறுபடி விட்டேன், மறுபடி துள்ளல். முதல் கியரிலேயே ஓட்டமாக ஓடுகிற வண்டி அது. நடக்க அதற்குத் தெரியாது. எஞ்சினைச் சும்மா விட்டால் அணைந்துவிடும். அணையாமலிருக்க ஆக்சிலரேட்டரை உறுமவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இடது கால் கிளட்சில், வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்குமாக மாறி மாறி. கோயில் மதில் தாண்டுவதற்குள் என் இடது தொடை தன்பாட்டுக்கு நடுங்க ஆரம்பித்துவிட்டது.

முன்னால் பார்த்தேன். ரேடியேட்டருக்கும் எல்லம்மாவின் முதுகுக்கும் இரண்டடி. பம்பர் இல்லை. பம்பர் இருந்திருந்தால் இடித்தாலும் தள்ளிவிடும்; இப்போது நேரே சக்கரம்தான். மேலே பார்த்தேன். அவள் தலையில் உஸ்ஸென்று எரிகிற கேஸ்லைட், அதன் வயிற்றில் மண்ணெண்ணெய். என் எதிரில் திறந்து கிடக்கிற எஞ்சின், அதன் தலையில் இரண்டு கார்புரேட்டர்கள். சூடேறச் சூடேற அவற்றின் ஓரத்தில் பெட்ரோல் கசிந்து முத்துமுத்தாக நிற்பது லைட் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. எல்லம்மா ஒருமுறை தடுக்கி விழுந்தால் போதும். லைட் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். என்னைச் சுற்றி ஏழெட்டுக் குழந்தைகள் பட்டு உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

இதெல்லாம் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் நானும் எட்மண்டும் மட்டும்தான் என்று நினைத்தேன். மற்ற எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். சந்தோஷமாக இருக்கிற கூட்டத்துக்கு நடுவில் ஒருவன் மட்டும் பயந்துகொண்டிருப்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை. லக்ஷ்மிநாராயணன் அவ்வப்போது திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் சிரித்துவைத்தேன்.

ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கியது. எட்மண்ட் இடது பக்கமாக நடந்துகொண்டே குவளையால் தண்ணீரை ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. "இது என்ன சம்பிரதாயம்?" என்று ஒரு மாமி கேட்டது காதில் விழுந்தது. "காருக்கு அபிஷேகம்" என்றான் எட்மண்ட். அவன் சிரிக்கவில்லை.

தெருமுனைகளில் ஊர்வலம் நின்று நாதஸ்வரம் கேட்கும். முதல் முனையில் கியரை எடுத்துவிட்டுக் காலை ஆற்றிக்கொண்டேன். கிளம்பும்போது கியர் கரகரவென்று அரைத்துக்கொண்டு விழுந்தது. கார் ஒரு எம்பு எம்பியது. ரேடியேட்டரின் நுனி எல்லம்மாவின் புடவையைத் தொட்டு மீண்டது. எனக்குப் புரிந்துவிட்டது. கிளட்ச் தேய்ந்து தேய்ந்து சூடேறிவிட்டது. இனி மிதித்தாலும் முழுசாக விடாது, கொஞ்சம் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு முறை அப்படி எம்பினால் அவள் தாங்கமாட்டாள். அடுத்த தடவை நிற்கும்போது கியரை எடுக்காமல் கிளட்சைக் காலாலேயே மிதித்துப் பிடித்துக்கொள்வது என்று முடிவுசெய்தேன். அந்த நேரத்துக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

குளத்தங்கரை முனை வந்தது. அங்கே தெரு கொஞ்சம் சரிவாக இறங்கும். இடது பக்கம் குளத்தின் படிகள். வலது பக்கம் வீட்டு வாசல்களில் பெண்களும் குழந்தைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தோத்தாத்ரி கையைத் தூக்கி ஊர்வலத்தை நிறுத்தினார்.

"ஓய், ஒரு தோடி வாசியும். சாவகாசமா வாசியும்."

தோடி என்றதும் கூட்டம் சுகமாக அசைந்து நின்றது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் தோடி சீக்கிரம் முடியாது என்று தெரியும். நாதஸ்வரக்காரர் கௌரவத்துக்காகக் காரின் பக்கம் திரும்பி, மாப்பிள்ளையைப் பார்த்து நின்றார். வயதானவர். கண்ணை மூடிக்கொண்டார்.

"வித்வான் முகம் தெரியலையே. அந்த லைட்டை இப்படி நடுவுல கொண்டா" என்றார் தோத்தாத்ரி.

எல்லம்மா நகர்ந்து வந்து, காருக்கும் வித்வானுக்கும் நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் முந்தானை ரேடியேட்டரில் உரசிக்கொண்டிருந்தது. வித்வானுக்குப் பின்னால் தவில்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் சுவர்மாதிரி கூட்டம். அவள் நகர இடமில்லை.

ராகம் மெல்ல ஏறியது. என் இடது கால் மரத்துப்போய், அது என்னுடையதுதானா என்றே சந்தேகமாக இருந்தது. கிளட்ச் இழுப்பதை வலது காலால் பிரேக்கை அழுத்திச் சமாளித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் திணறியது. அணைந்தால் அபசகுனம் என்பார்கள், தோத்தாத்ரி முகத்தைத் தூக்குவார், அந்தப் பெண்ணின் கல்யாணம் என்னால் கெட்டதாகப் பேச்சு வரும். ஒரே ஒரு கணம், ஒரே ஒரு உறுமலுக்காக, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரைத் தொட்டேன்.

கார் லேசாகக் குலுங்கியது. சின்னப் பெண்ணின் மடியிலிருந்து தேங்காய் உருண்டது. கீழே கால்விரிப்பு கிடையாது, அதையும் எடைக்காக உருவியிருந்தோம். வெறும் தகரத்தில் கடகடவென்று உருண்டு என் காலடிக்கு வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். பிரேக் அரை அங்குலம் இறங்கிக் கல்லில் மிதித்ததுபோல் நின்றுவிட்டது. தேங்காய் பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தது.

கார் நகர்ந்தது.

கிளட்சை என் முழு உடம்பாலும் மிதித்தேன். சூடேறிய கிளட்ச் விடவில்லை. கியரை உருவப் பார்த்தேன். சின்னப் பெண்ணின் பாவாடை சுற்றிக்கொண்டிருந்தது, கம்பி அசையவில்லை. என் கை தானாக வலது பக்கம், ஹேண்ட் பிரேக் இருந்த இடத்துக்குப் போயிற்று. அங்கே வெறும் ஓட்டை இருந்தது. கழற்றி எடுத்த அன்று எட்மண்டும் நானும் சோடா குடித்துக் கொண்டாடியிருந்தோம்.

சுவிட்சை அணைத்தேன். அபசகுனமாவது மண்ணாவது.

எஞ்சின் அணையவில்லை. நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன். அளவுக்கு மீறிக் கொதித்த எஞ்சினில் உள்ளே படிந்த கரி கனன்றுகொண்டிருக்கும். சுவிட்சே வேண்டாம், அந்தக் கங்கே பெட்ரோலைப் பற்றவைத்துக்கொள்ளும். டக், டக்கென்று இருமி இருமி, ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு விரற்கடை முன்னே போயிற்று. செத்தபிறகும் நடக்கிற பிணம் மாதிரி இருந்தது. ரேடியேட்டர் எல்லம்மாவின் இடுப்பில் அழுந்தியது. அவள் நகரவில்லை. லைட் மட்டும் ஒருமுறை ஆடி நின்றது.

ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் குளம், காரில் குழந்தைகள். வலது பக்கம் ஒடித்தால் வாசலில் குழந்தைகள். நேரே எல்லம்மா, அவள் தலையில் நெருப்பு. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஜெபம் வரவில்லை.

"எட்மண்ட்" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தவில் அப்போதுதான் சேர்ந்துகொண்டிருந்தது. எட்மண்ட் இரண்டு அடி தள்ளி, பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் போல வித்வானையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையில் பந்தயத்துக்குப் போடுகிற தோல் தொப்பி வைத்திருந்தேன், பெருமைக்காக. அதைக் கழற்றி அவன் முகத்தில் எறிந்தேன். அவன் திரும்பினான். நான் கையால் என் வாயைப் பொத்திக் காட்டினேன்.

அவன் கண்ணில் புரிந்த அடையாளம் தெரிந்தது. பக்கெட்டிலிருந்த ஈரச் சாக்கை உருவி, இரண்டு கார்புரேட்டர்களின் வாயிலும் போட்டு, அதன்மேல் தன் நெஞ்சோடு கவிழ்ந்து விழுந்தான். மூச்சு அடைத்த எஞ்சின் ஒருமுறை படாரென்று வெடித்தது. சாக்குக்கு அடியில் நீலமாக ஒரு நாக்கு எட்டிப்பார்த்து அணைந்தது. பிறகு கார் நின்றுவிட்டது.

தோடி தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. தவில் சத்தத்தில் ஒருவரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. சுற்றிலும் தலைகள் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். சின்னப் பெண் என் தோளைத் தொட்டு, "மாமா, தேங்காய் விழுந்துடுத்து" என்றாள்.

வித்வான் முடித்துக் கண்ணைத் திறந்தபோது எல்லம்மா திரும்பாமலே சொன்னாள். "சார், சேலை மேல ஏறிக்கினு கீது. கொஞ்சம் பின்னால எடு."

இறங்கிப் பார்த்தேன். சக்கரம் அவள் புடவையின் ஓரத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவள் குதிகாலுக்கும் டயருக்கும் நடுவில் என் விரல் நுழைகிற இடம்கூட இல்லை. நானும் எட்மண்டும் காரைப் பின்னுக்குத் தள்ளினோம். அவன் புருவம் பாதி பொசுங்கியிருந்தது.

"பேஷ்" என்றார் தோத்தாத்ரி. "ராகம் முடியற வரைக்கும் சத்தமே இல்லாம நிறுத்தி வெச்சிருந்தீரே, ரசிகர்தான் நீர். சரி, ஸ்டார்ட் பண்ணும். நாழியாறது."

நான் லக்ஷ்மிநாராயணனைப் பார்த்தேன். அவர் கைகூப்பியபடி நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் கால் அந்தக் காருக்குள் திரும்பப் போக மறுத்தது.

"மன்னிக்கணும் சார். நான் ஓட்டமாட்டேன்."

"ஏன்?"

"பயமா இருக்கு சார்."

சோழவரத்துச் சூரன், இத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுகச் சொன்னேன். தோத்தாத்ரியின் முகம் இறுகியது. லக்ஷ்மிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது காரின் பின் மேட்டிலிருந்து மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான். "அப்பா, எனக்கும் ரொம்ப நேரமா பயமாத்தான் இருக்கு. கோயில்லேர்ந்தே. சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்." சொல்லிவிட்டுக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். குழந்தைகளையும் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டான்.

இறங்கின மாப்பிள்ளையைத் திரும்ப ஏற்றுவது அழகில்லை. தோத்தாத்ரி குளத்தைப் பார்த்தார், மலைமேல் கோயிலைப் பார்த்தார். "சரி, நடங்கோ. கார் பின்னால காலியா வரட்டும், ஆள் விட்டுத் தள்ளுங்கோ" என்றார். அவ்வளவுதான். ரயிலேறவில்லை. எதற்காக அவ்வளவு பயந்தோமோ அது அத்தனை சுலபமாக முடிந்துபோனதில் எனக்குக் கோபம்கூட வந்தது.

தேங்காயை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். எட்மண்ட் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நாலைந்து பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கூட்டம் முன்னால் போய்விட்டது. காருக்கு வழிகாட்ட எல்லம்மாவைப் பின்தங்கச் சொல்லியிருந்தார்கள். நான் அவள் பக்கத்தில் போனேன். லைட் வெளிச்சத்தில் அவள் கெண்டைக்கால் இரண்டும் சிவந்து கன்றியிருந்தது தெரிந்தது.

"சுட்டுதா எல்லம்மா?"

"கோயிலாண்டேர்ந்தே சுட்டுக்கினுதான் சார் வந்துது. அப்பால முதுவுல வந்து முட்டுச்சா, சரி, அவ்ளோதான்னு நென்ச்சேன். என் புள்ளைய நென்ச்சிக்கினேன்."

"ஏன் சொல்லலே? ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

அவள் தலையை அசைக்காமல் நடந்தாள். "உனக்கு பயமா கீதுன்னு நீ சொன்னே. சரின்னுட்டாங்க. மாப்ள சொன்னாரு, அதுக்கும் சரின்னுட்டாங்க. நான் சொல்லியிருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க சார்? லைட்ட வாங்கி வேற ஒருத்தி தலையில வெச்சிருப்பாங்க. அவளும் இங்கியேதான் நின்னுருப்பா."

அவள் கொஞ்சம் முன்னால் போனாள். நான் பின்தங்கி, அவள் முதுகுக்கும் காரின் முகப்புக்கும் நடுவில் நடந்தேன். எஞ்சின் அணைந்துதான் இருந்தது, பிரேக்கும் சரியாகத்தான் இருந்தது. எட்மண்ட்கூட, "டேய், ஓரமா வாடா" என்றான். சத்திரத்து வாசல் வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நான் நகரவில்லை.